வாழைப்பழமும் ஒரு சம்பவமும்

அறிக்கையில் ஒரே ஒரு சொல் நின்றால் போதும் என்றுதான் ரோசெண்டா கோலாலம்பூர் மாநாட்டுக்கு வந்திருந்தாள். 'மோதி' என்ற சொல். பெரிய நாட்டின் ரோந்துக் கப்பல் மோதி, பிலிப்பைன்ஸின் சம்பாலஸ் கரையிலிருந்து போன மீன்பிடிப் படகு மூழ்கிப்போனது. அதில் அவள் தம்பி ரூவெல் இருந்தான். உடல்கூடக் கிடைக்கவில்லை.

அவள் பிலிப்பைன்ஸ் வெளியுறவுத் துறையில் அறிக்கை எழுதுகிறவள். தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டறிக்கை ஒரு விசித்திரப் பிராணி. எல்லாரும் தலையாட்டினால்தான் வெளியே வரும். ஒருவர் முகம் சுளித்தாலும் உள்ளேயே செத்துப்போகும். பெரிய நாட்டின் காசில் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த ஒரு பக்கத்து நாட்டுக்காரர் காலையிலிருந்து சுளித்துக்கொண்டே இருந்தார். ரோசெண்டா அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து மல்லுக்கட்டினாள். அங்கே உட்காரச் சொன்னவர் அவளுடைய மேலதிகாரி வில்யகோர்த்தா. துக்கத்துக்கு வீடு தேடி வந்து அழுத மனிதர். பாவி, அந்தக் கண்ணீரை நம்பித்தான் அவள் கிளம்பி வந்தாள்.

தேநீர் வேளையில் அவர் அந்தப் பக்கத்து நாட்டுக்காரரோடு வெளியே போனார். திரும்பி வரும்போது சட்டையில் கறிபஃப் துகள்களைத் தட்டிவிட்டுக்கொண்டே வந்தார்.

"'மோதி' வேண்டாம். 'சம்பவம்'னு போட்டுடு."

"சார், என் தம்பி சார்."

"தெரியும்மா. அதுக்குத்தானே உன்னை அவர் எதிர்ல உட்கார வச்சேன். செத்தவனோட அக்கா மூஞ்சியப் பார்த்துக்கிட்டு எவ்வளவு நேரம் முடியாதுன்னு சொல்வார்? அந்தச் சொல்ல எடுத்துட்டா பெரிய நாட்டுக்காரங்க நம்ம வாழைப்பழத்த மறுபடி வாங்கிக்கிறாங்களாம், இவர் மூலமாச் சொல்லி அனுப்பியிருக்காங்க. அவங்க தடுத்து வச்சு துறைமுகத்துல அழுகிக்கிட்டு இருந்துச்சே, அத்தனையும்."

"அப்ப நான் பேசினதெல்லாம்?"

"விலைய ஏத்தினது நீதான். நல்லாப் பேசின."

உண்மையாகவே பாராட்டினார். அதுதான் கொடுமை.

"அத வேற யாரையாவது டைப் அடிக்கச் சொல்லுங்க சார்."

"நீ அடிச்சாதான் நாளைக்குப் பத்திரிகைக்காரன் கேட்டா, குடும்பமே ஒத்துக்கிச்சுன்னு சொல்லலாம்."

அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. ரூவெலின் கைக்குழந்தைக்குப் பாலும் அதில்தான். அவள் 'மோதி'யை அழித்தாள். 'சம்பவம்' என்று அடித்தாள். யாரும் முகம் சுளிக்கவில்லை.

சாயங்காலம், அவள் 'நானாய்' என்று கூப்பிடும் தாய் போனில் அழைத்தாள்.

"டிவியில படிச்சாங்களே, முழுக்கக் கேட்டேன். தம்பியப் பத்தி ஒண்ணும் வரலையே."

"பேரெல்லாம் போட மாட்டாங்க, நானாய். சம்பவம்னு வந்துச்சுல்ல?"

"எந்தச் சம்பவம்?"

தாய் தெரியாமல்தான் கேட்டாள்.

"அடுத்த செய்தியில ஏதோ வாழைப்பழம்னாங்க. எனக்கு அது மட்டும்தான் புரிஞ்சுச்சு," என்றாள் தாய்.

"ஆமா, நானாய். வாழைப்பழம்தான்."