மூன்றாவது தந்தி, ஏழுக்கு மேல்

கிதாரின் மூன்றாவது தந்தியை மீட்டி, ஃபஸ் பெடலின் குமிழை ஏழுக்கு மேல் திருப்பியபோது, அந்தத் தெருவில் காது கேளாத ஐந்து பேருக்கும் காது கேட்டது. அது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. ஐவரில் முதலில் கேட்டவள், கீழ்த்தளத்தில் சலவைக்கடை வைத்திருந்த அக்கா. ஒன்பது வயதில் வந்த காய்ச்சல் அவள் செவியைக் கொண்டுபோய்விட்டது. அதன்பின் இருபத்தாறு வருடங்கள், இடி இடித்தால்கூட ஜன்னல் கண்ணாடி அதிர்வதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். அன்று இஸ்திரிப் பெட்டியை யாருடைய வெள்ளைச் சட்டையின் மேலோ அப்படியே விட்டுவிட்டு மாடியேறினாள். சட்டை கருகியது.

மாடியில் அவள் தம்பி இருந்தான். லிஃப்ட் பழுதுபார்ப்பது அவன் பிழைப்பு. கிதார் அவன் பைத்தியம். காலால் அழுத்தி இயக்கும் அந்தப் பெடலை, செத்துப்போன ரேடியோ ஒன்றின் உறுப்புகளைப் பிடுங்கி ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் அவனே பற்றவைத்திருந்தான். தந்தியின் தெளிந்த ஓசையை வாங்கி, விளிம்பெல்லாம் பிய்த்து, கரகரப்பாக்கி வெளியே துப்புவது அதன் வேலை. குமிழ் இரண்டில் நின்றால் தம்ளருக்குள் மாட்டிய ஈ. நான்கில் முரட்டுத் துணி கிழிபடும் சத்தம். ஆறில், தேன்கூட்டில் கல் விழுந்த மாதிரி. அதற்கு மேல் திருப்ப அன்றுவரை அவனுக்கே தைரியம் வந்ததில்லை.

"யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு," என்றாள் அக்கா, வாசலில் நின்றபடி. "நீயாடா?"

அடுத்த மூன்று மாதம் இருவரும் அந்தச் சத்தத்தை அங்குலம் அங்குலமாக அளந்தார்கள். மற்ற ஐந்து தந்திகளில் ஒன்றும் இல்லை. மூன்றாவதில், ஒரு மீட்டலுக்குப் பத்தொன்பது நொடி. அந்தப் பத்தொன்பது நொடியும் அவளுக்கு எல்லாமே கேட்டது: குழாய் சொட்டுவது, புறா சிறகடிப்பது, தன் செருப்பு தரையில் உரசுவது. எல்லாம் உப்புத்தாளில் தேய்த்தது போலத்தான் கேட்டது. அவள் குறை சொல்லவில்லை. காது நன்றாக இருந்தவர்களுக்கோ அந்நேரம் பேரிரைச்சல் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. ஐவரில் இன்னொருவரான ஓய்வுபெற்ற தபால்காரர், தன் மனைவி காய் நறுக்கும்போது முணுமுணுவென்று பாடுகிறவள் என்பதைக் கல்யாணமாகி முப்பத்தெட்டாவது வருடத்தில் அறிந்து, நாள் முழுக்கத் திண்டாடிப்போனார். மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து சோதித்து, பழுதேதும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தம்பிக்கு மட்டும் நாளுக்கு நாள் முகம் வாடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்காவை எதிரே உட்காரவைத்து, பெடலை அழுத்தி மூன்றாவது தந்தியை விடாமல் மீட்டினான். தலை குனிந்துகொண்டான், அவள் தன் உதட்டைப் பார்த்துப் படித்துவிடாமல் காதாலேயே கேட்க வேண்டுமென்று. பிறகு பேசினான். காய்ச்சலில் அவள் கொதித்துக் கிடந்த அன்று அம்மா டாக்டரைக் கூட்டிவரச் சொல்லி அனுப்பியது அவனைத்தான். ஆறு வயது. வழியில் ஒரு வீட்டுக்குள் யாரோ கிதார் வாசித்துக்கொண்டிருந்தார். வேலியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றுவிட்டான். டாக்டர் வந்தபோது, இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்றார். இரைச்சலில் அவன் சொன்னது அவனுக்கே கேட்கவில்லை. அவளுக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.

அக்கா எழுந்து கீழே போனாள். நாற்பது நாள் மாடிப்படியை மிதிக்கவில்லை. அவன் சாப்பிடக் கீழே வரும்போதும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள், அவன் வாயசைவு கண்ணில் படாதிருக்க. அவன் தினமும் மாலையில் வாசித்தான். மற்ற நால்வர் காத்திருந்தார்களே. அந்த நேரம் பார்த்து அவள் கடையைப் பூட்டிக்கொண்டு, சத்தம் எட்டாத ஆற்றுப்பாலம்வரை நடந்து போய்விடுவாள்.

நாற்பத்தோராம் நாள் வந்து நின்றாள்.

"அன்னைக்கு அந்த ஆளு என்ன வாசிச்சாரு?"

"அக்கா..."

"ஞாபகம் இருக்குல்ல? வாசி. நான் கேக்கணும்."

மறந்தால்தானே. மூன்றாவது தந்தியிலேயே, ஒவ்வொரு சுரமாக வாசித்தான். அந்த மனிதர் அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் திரும்பத் திரும்பத் தடுக்கி விழுந்தார். அந்தத் தடுக்கலையும் விடாமல் வாசித்தான். ஒரு மணி நேரம் ஆயிற்று. விரல்நுனி பிளந்து தந்தியில் ரத்தம் ஒட்டியது. அக்கா சுவரில் சாய்ந்து, கண்ணை மூடியபடி கேட்டாள்.

முடிந்ததும் கண்ணைத் திறந்தாள். பிறகு, "இதுக்கு நானும்தான்டா நின்னிருப்பேன்," என்றாள். அவன் விரலைத் தன் முந்தானையில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

அதன்பின் அது வழக்கமாகிவிட்டது. மாலை ஐந்தேகாலுக்குத் தெருவிலுள்ளவர்கள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார்கள். ஐந்து ஜன்னல்கள் மட்டும் திறக்கும்.