ஆறாவது ஆள்

ஆறு பேருக்குக் குறைவாக வசிக்கும் வீடுகளை ஆளில்லாத வீடுகளாகக் கருதுவது என்று முடிவாகியிருந்தது. கூட்டமாக நீந்தும் சின்ன மீன்களை ஆறுக்குக் குறைத்துத் தொட்டியில் விடக்கூடாது என்று, மீன் வளர்ப்பவர்கள் வெகுகாலமாகக் கடைப்பிடிக்கும் விதிதான். சிற்றம்பலத்துக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் அவர் தனியாக இருந்தார். மாலை ஐந்து மணிக்குள் சான்று வாங்காவிட்டால் வீட்டைப் பூட்டி முத்திரை வைத்துவிடுவார்கள். உள்ளே அவர் படித்துக்கொண்டிருந்தாலும்.

அலுவலகத்தின் சுவர்கள் கண்ணாடி. தரையில் கூழாங்கல் பரப்பியிருந்தார்கள். எழுத்தர் விமலாராணி அவருடைய தலைக்கு மேலே பார்த்தபடி பேசினாள்.

"எத்தனை பேரு?"

"நான் ஒருத்தன்தாம்மா."

"ஆறுக்குக் கீழே நாங்க எண்ண மாட்டோம் சார்."

"அப்போ எதிர்ல நிக்கிறது யாரு?"

"அதான் நானும் தேடறேன்."

தனியாகவே இருக்க ஒரு வழி உண்டு என்றாள். ஃபைட்டர் பிரிவில் பதிந்துகொள்ளலாம். கடையில் ஃபைட்டர் மீன்களைத் தனித்தனிப் புட்டியில் விட்டு, ஒன்றையொன்று பார்த்துச் சீறாதபடி நடுவில் அட்டை செருகி வைப்பார்களே, அதுபோல. அட்டையை அலுவலகமே கொடுக்கும். ஒரே ஒரு சோதனைதான். முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து நீட்டினாள்.

சிற்றம்பலம் பார்த்தார். உள்ளே இருந்தவரும் பார்த்தார். பிறகு சிற்றம்பலம் சற்று நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்.

"கோவமே வரலியா சார்?"

"பாவம், அவரும் எவ்ளோ நேரமா நிக்கிறாரோ."

ஃபெயில் என்று எழுதினாள்.

நடைவழியின் கோடியில், அலமாரிக்குப் பின்னால் ஐந்து பேர் ஒடுங்கி நின்றிருந்தார்கள். அவர்களுடைய ஆறாவது ஆள் போன வாரம் இறந்துவிட்டார். அன்றிலிருந்து ஐவரும் வெளுத்துக்கொண்டே வந்தார்கள். ஜெயக்கொடி என்ற பெண் முழுதும் சாம்பலாகியிருந்தாள், நெற்றிக் குங்குமம்கூட. அவர்களுக்கும் ஐந்து மணிதான் கெடு.

"வாங்கண்ணே, ஆறாவதா நீங்க சேர்ந்துக்கங்க," என்றாள் அவள். "ஆறு பேரும் ஒண்ணா நடந்து காட்டணும். ஒரு முழம் தள்ளி வாங்க. ஒட்டவும் கூடாது, விட்டுடவும் கூடாது."

"முன்னால போறது யாரு?"

"அப்படி யாரும் இல்ல. பக்கத்துல இருக்கறவரு திரும்பினா நீங்க திரும்புங்க."

"அவரு ஏன் திரும்பினாருன்னு..."

அதற்குள் அவர்கள் திரும்பிவிட்டார்கள். சிற்றம்பலம் தனியாக நேரே போனார். நடைவழி நீண்டது. சுவரில் மூக்கு இடித்துத் திரும்பி வந்து சேர்ந்தபோது மணி நாலே முக்கால்.

"யோசிக்கிறீங்கண்ணே," என்றாள் ஜெயக்கொடி.

"பழக்கமாயிடுச்சும்மா."

"அதெல்லாம் வீட்ல போய் யோசிங்க."

"அதுக்கு வீடு இருக்கணுமே."

மறுபடி நடந்தார்கள். சிற்றம்பலம் கண்களை மூடிக்கொண்டார். கழுத்திலிருந்து இடுப்புவரை, விலாவோரமாக, என்னவோ மெல்ல ஊர்ந்தது. பக்கத்து ஆள் தள்ளும் காற்று. அது என்ன சொல்கிறது என்று அவர் கேட்கவில்லை. திரும்பியிருந்தார். திரும்பிய பிறகுதான் அதுவே தெரிந்தது.

ஜெயக்கொடியின் புடவையில் நீலம் ஏறியது. அதன் கீழே ஒரு சிவப்புக் கோடு ஓடியது. விமலாராணி முதல்முறையாகப் பார்வையைத் தாழ்த்தி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அட, இங்கதான் இருக்கீங்களா," என்று சொல்லிச் சான்றில் கையெழுத்திட்டாள். வீடு இனி அவருடையது.

ஆறு பேரும் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தார்கள். அவர் வீட்டுப் பக்கம் போகும் பேருந்து வந்து நின்றது. எல்லாச் சன்னலோர இருக்கைகளும் காலியாக இருந்தன. அதன் பின்னால் இன்னொரு பேருந்து வந்தது. ஐவரும் அதை நோக்கித் திரும்பினார்கள்.

அவர்களோடு திரும்பச் சிற்றம்பலம் கொஞ்சமும் தாமதிக்கவில்லை.

காலிப் பேருந்து அவருக்காகச் சிறிது நேரம் நின்றது. பிறகு போய்விட்டது.