பெயர் எழுதாத படிவம்

ஆடைத் தொழிற்சாலையில் அன்னப்பூரணி தையல் மெசினில் இருந்தபடியே அழத் தொடங்கினாள். இரண்டு மணிநேரம் அழுகை நிற்கவில்லை. அதற்குச் சற்று முன்புதான் லைன் சுப்பர்வைசர் றஜனி, "கை ஓடாதவளெல்லாம் ஏன் வேலைக்கு வாற?" என்று எல்லோர் முன்னும் கத்தியிருந்தாள். அன்றைய இலக்கில் பதினெட்டுச் சட்டைகள் குறைவு.

அதன்பின் அன்னப்பூரணி வேலைக்கு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை றஜனி அவளைத் தேடிச் சித்தாண்டியிலுள்ள வீட்டுக்குப் போனாள். தாய் வாசலிலேயே மறித்தாள்.

"உங்கட குரல் கேட்டாப் புள்ள நடுங்குறாள். போயிருங்க."

மறுமாதம் தலைமை அலுவலகத்திலிருந்து படிவங்கள் வந்தன. வேலையால் மன அழுத்தம் உண்டா, பெயர் வேண்டாம், பயமின்றி எழுதுங்கள் என்று இருந்தது. முகாமையாளர் மதுரன் சாப்பாட்டு அறையில் அவற்றைக் கொடுத்துவிட்டு, எழுதி முடியும்வரை மேசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார்.

எல்லோரும் 'பிரச்சினை இல்லை' என்றே சரி போட்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் எழுதியிருந்தாள்: 'காலையில் பஸ் வலையிறவுப் பாலத்தில் ஏறும்போது, பாலம் இடிந்து வாவியில் விழுந்தால் நல்லது என்று நினைக்கிறேன்.'

மதுரன் றஜனியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இது ஆருட எழுத்து? பயப்பிடாம சொல்லுங்க. கூப்பிட்டுக் கதைக்கத்தான்."

போன வருடம் அவர் அப்படிக் கூப்பிட்டுக் கதைத்த பெண் அந்த வாரமே வேலையை விட்டுப் போனாள். எழுத்து கஜானியுடையது என்று றஜனிக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. அவளுடைய லைனில் தைப்பவள், இருபத்திரண்டு வயது. சில வாரங்களாகச் சோற்றுப் பொதியை அவிழ்க்காமலே திருப்பிக் கொண்டுபோகிறாள்.

"நான்தான் எழுதினன், சேர்."

"உங்கட எழுத்து எனக்குத் தெரியாதா?"

"இடது கையால எழுதினன்."

"பதினொரு வருசமா இஞ்ச இரிக்கிறீங்க. பாலம் இடியோணுமா உங்களுக்கு?"

"ஓம், சேர்."

பொய்தான் சொல்ல வந்தாள். சொல்லி முடித்தபோது அது பொய்யாகத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை றஜனியைச் சுப்பர்வைசர் வேலையிலிருந்து இறக்கி மெசினில் இருத்தினார்கள். புதிய சுப்பர்வைசர் அவளைவிட உரக்கக் கத்தினாள். அந்த ஒரு படிவம் மேலே போகவில்லை. ஊழியர்கள் மனநிறைவோடு இருக்கிறார்கள் என்று தலைமை அலுவலகம் பாராட்டி அனுப்பிய கடிதம் அறிவித்தல் பலகையில் தொங்கியது.

பஸ் தரிப்பில் கஜானி றஜனியின் பக்கத்தில் வந்து நின்றாள். "மிஸ், அது நான்..."

"தெரியும். வியாழக்கிழமை ஆசுபத்திரியில மனநலக் கிளினிக் இரிக்கு. போவம்."

"பைத்தியமெண்டு சொல்லுவாங்களே."

"சொல்லட்டும். நானும் வாறன்."

வியாழக்கிழமை இருவரும் வேலைக்குப் போகவில்லை. கிளினிக் வாங்கில் உட்கார்ந்த கஜானி சுவரில் தலையைச் சாய்த்தவள் அப்படியே தூங்கிப்போனாள். இலக்கம் வந்ததும் றஜனி அவளைத் தட்டி எழுப்பி, கதவுவரை கூட்டிக்கொண்டு போய் விட்டாள்.

தாதி அட்டையோடு வெளியே வந்தாள். "நீங்க அவவோட வந்தவவா?"

றஜனி தலையாட்டினாள். பிறகு, "எனக்கும் ஒரு நம்பர் தாங்க, மிஸ்" என்றாள்.