பார்த்தால் மட்டும் உழைக்கும் மோட்டார்கள்

மனித குல வரலாற்றில் பொறிக்கப்பட வேண்டிய செய்தி ஒன்றை இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், காரின் பின்சக்கரங்களுக்கு ஆளுக்கொன்றாகப் பூட்டிய அந்த இரண்டு மோட்டார்களும் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால்தான் வேலை செய்தன.

பூட்டியவர் ஓய்வுபெற்ற தொழிற்சாலை மேற்பார்வையாளர். முப்பது வருடம் யாரையும் நம்பாமல் சம்பளம் வாங்கியதால் பூதக்கண்ணாடி என்று பெயர். பழைய பெட்ரோல் காரை மின்சாரத்துக்கு மாற்றப் பெரிய மோட்டார் ஒன்று போதும் என்றார்கள். ஒன்றே இருந்தால் அது ஏமாற்றுகிறதா என்று எதோடு ஒப்பிடுவது? ஆகவே இரண்டு. பழைய இரும்புக் கடைக்காரர், "ரெண்டும் ஒரே வயித்துப் பிள்ளைங்க சார், கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார். "கண்ண மூடச் சொல்றீங்களே, அங்கதான் இடிக்குது" என்று இவர் ஒரு வாரம் அங்கேயே உட்கார்ந்து சுருள்களை அளந்தார், தண்டைக் கையால் சுற்றினார், காது வைத்துக் கேட்டார். மயிரிழை வித்தியாசமில்லை. சந்தேகம் முற்றியது. எது எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று காட்ட ஆளுக்கொரு மீட்டரை டாஷ்போர்டின் இரண்டு ஓரத்திலும் மாட்டினார்.

இடது மீட்டரைப் பார்த்தால் வலது மோட்டார் தூங்கியது. ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் கார் வலப்பக்கமே திரும்பியது. வலதைப் பார்த்தால் நேர்மாறு. "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல மாட்டுங்களேன்" என்றாள் மனைவி. "கூட்டு சேந்துரும்" என்றார். இரண்டு வருடம் தெருவில் வட்டம் போட்டார். தபால்காரர் வட்டத்துக்குள் நுழைந்து வெளியேறப் பழகிக்கொண்டார்.

வண்டி ஆய்வாளர் கடைசித் தவணை கொடுத்தார்: வெள்ளிக்கிழமை தெருக்கோடிவரை நேராக ஓடாவிட்டால் கார் உடைக்கப்படும். வேறு வழியில்லாமல் மனைவியை இடப்பக்கம் ஏற்றினார்.

"உங்க மீட்டர நீங்க பாருங்க. இத நான் பாத்துக்கறேன்."

இருபதடி நேராகப் போனது. அதற்குமேல் அவரால் முடியவில்லை. ஓரக்கண்ணால் இடப்பக்கம் எட்டிப் பார்த்தார். கார் ஆய்வாளரை ஒருமுறை சுற்றி வந்து நின்றது.

"ஏங்க, எதுக்கு இந்தப் பக்கம் பாத்தீங்க?"

"நீ பாக்கறியான்னு பாத்தேன்."

"இருபத்தெட்டு வருஷமா இதத்தானே பாக்கறீங்க. எறங்குங்க."

இறங்கினார். வேடிக்கை பார்க்க வந்திருந்த கொழுந்தியாள் இடப்பக்கம் ஏறினாள், மனைவி ஸ்டீயரிங்குக்கு நகர்ந்தாள். ஆளுக்கொரு மீட்டரில் கண்ணை வைத்து, யாரோ ஒருத்தியின் மருமகளைப் பற்றிப் பேசியபடியே தெருக்கோடியைத் தாண்டினார்கள். ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து அக்காவும் தங்கையும் தினமும் அந்தக் காரில் போய்வருகிறார்கள். பூதக்கண்ணாடி பஸ்ஸில் வருகிறார். சாலையை யாரும் பார்ப்பதில்லை. அது பாட்டுக்குக் கிடக்கிறது.