மாடு நுழையாத வீடு

எங்கள் வீட்டுக்காரர் பெயரை நான் வாயால் சொல்லக் கூடாது. எங்கள் ஊர் பிரிக்பீல்ட்ஸில் எந்த முடிவெட்டும் கடைக்குள் வேண்டுமானாலும் எட்டிப் பாருங்கள். சுவரில் தொங்கும் காலண்டரில் வெள்ளைக் கோட்டும் சந்தனப் பொட்டும் தங்கப் பூண் போட்ட கைத்தடியுமாக ஒருவர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார். அடியில் 'ரெங்கசாமி, வீடு மனை வியாபாரம்' என்று போட்டிருக்கும். அந்த மகானுபாவர்தான்.

செங்கல் சூளையில் கல் எண்ணும் கிராணியாக, கணக்கப்பிள்ளையாக இருந்தவர். எங்கள் கல்யாணத்துக்கென்று தன் கையாலேயே அத்தாப்பு ஓலைக் கூரை போட்டு ஒரு வீடு கட்டினார். மூன்றாம் நாள் அந்த வழியாகப் போன ஒரு கங்காணி, "சன்னல் நல்லாருக்கே தம்பி" என்றார். அவ்வளவுதான். அன்று சாயந்தரம் நான் என் டிரங்குப் பெட்டி மேல் தெருவில் உட்கார்ந்திருந்தேன். கழுத்து மஞ்சள் கயிற்றில் இன்னும் புது மெருகு கலையவில்லை. இவர் பக்கத்தில் நின்று, "பாத்தியா சீதா, ரெண்டு மடங்கு வெல!" என்று குதிக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெட்டியைத் தூக்கி அவர் தலையில் போட்டிருக்க வேண்டும். புதுப்பெண் என்பதால் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் வளர்ந்தார், வளர்ந்தார், அப்படி வளர்ந்தார். கிள்ளானில் கடை வரிசை, இங்கே ரெயில்வேக்காரர்களுக்கு வீடுகள், ஒரு மோட்டார் கார். கல்யாணத்தில் இரண்டு வார்த்தை பேசக் கூப்பிட்டால், பேச்சு முடிவதற்குள் மாப்பிள்ளைக்கு ஒரு வீட்டை விற்றுவிடுவார். துக்கம் கேட்கப் போன இடத்தில்கூட உத்தரத்தை அண்ணாந்து பார்ப்பார், குதிகாலால் தரையை இரண்டு தட்டுத் தட்டுவார். நான் இடுப்பில் கிள்ளுவேன். "கெட்டியான தரை சீதா" என்று என் காதில் கிசுகிசுப்பார்.

ஊரெல்லாம் விற்கட்டும், எனக்கென்ன? நாங்கள் குடியிருக்கும் வீட்டையும் அல்லவா விற்றார்! பதினாறு வருஷத்தில் எட்டு வீடு. எந்த வீட்டிலும் ஏழு மாதம் தாண்டியதில்லை, அடுத்தது கட்டி முடியும்வரை வாடகை அறைதான். ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் நான் ஒரு முருங்கைக் கொம்பு நடுவேன். காய்க்க எட்டு மாதமாவது ஆகும். மொட்டு வைக்கும்போது வீடு கைமாறிவிடும். வாங்கினவர்கள் நல்லவர்கள், என் மரத்துக் காயில் எனக்கே இரண்டு அனுப்பி வைப்பார்கள். வயிறு எரியும். என் கையால் நட்ட மரத்தில் நானே காய் பறித்து ஒரு சாம்பார் வைக்க வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஒருநாள் அவரிடம் சொல்லி அழுதேன். "பாசார்ல காசுக்கு மூணு காய் குடுக்குறான், இதுக்கா அழுவுறே?" என்றார்.

அவருடைய வியாபாரத்துக்கு முதுகெலும்பு ஒரு பசுமாடு. பால்காரி பவுனம்மாளின் மாடு. அதன் பெயர் லெட்சுமி, என் பெயர் சீதாலெட்சுமி. வாசலில் அவர் "லெட்சுமி, என் தங்கமே" என்று குழையும்போதெல்லாம் நான் ஓடிப் போய் அசடு வழிந்திருக்கிறேன். புது வீட்டுக்குள் பசு நுழைந்து சாணி போட்டால் யோகம் என்று எல்லாரும் நம்புகிறோம் அல்லவா? இவர் அதை விலை பேசும் நாளுக்கே கொண்டு வந்துவிட்டார். வாங்குகிறவரை வாசலில் நிறுத்தி, மாட்டைக் கூட்டி வருவார். அது விறுவிறு என்று உள்ளே போய், கூடத்து நடுவில் நின்று, ஒரு பெரிய சத்தத்தோடு தன் சம்மதத்தைத் தெரிவிக்கும். உடனே அச்சாரம். ஒரு தடவைகூட அந்த மாடு ஏமாற்றியதில்லை. மாட்டுக்கும் காலண்டர் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

பசுவைக் கன்றோடு அழைப்பதுதான் முறை. பவுனம்மாள் மட்டும் கன்றைக் கண்ணில் காட்டமாட்டாள். "கண்ணு பட்டுடும்" என்பாள். யாரும் மேற்கொண்டு கேட்டதில்லை.

பெரிய வெள்ளத்துக்கு அடுத்த வருஷம் ஒன்பதாவது வீட்டுக்குக் குடி போனோம். ஊரே மிதந்தபோது இதன் படிக்கட்டு நனையவில்லையாம். சமையல்கட்டு சன்னலில் காலை வெயில் விழும். கிணறு பின்கதவை ஒட்டியே இருக்கும். போன அன்றே கொம்பை நட்டேன். ஏழாம் மாதம், தை பிறந்ததும், கிளையில் மொட்டு கண்டேன். அன்று சாயந்தரமே அவர் கைத்தடியைச் சுழற்றிக்கொண்டு வந்தார்.

"சீதா, கிள்ளான் பழனியப்பன் வர்றாரு. ரப்பர் கித்தா வியாபாரி. வெள்ளிக்கெழம மாடு வருது. சாமானையெல்லாம் மூட்டை கட்டிடு."

நான் நேரே பவுனம்மாள் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்து, வீடு போகிறதைச் சொல்லி ஒரு பாட்டம் அழுதேன். அவள் பால் செம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"அட, நீங்க ஏம்மா அழுவுறீங்க? மாட்டுக்கு வீடு தெரியுமா, வாசல் தெரியுமா? குட்டி எங்க இருக்கோ அங்க போவும். விடியக்காலையிலேயே நான் கன்னுக்குட்டிய அந்தந்த வீட்டுக் கொல்லையில கட்டிட்டு வந்துருவேன். தாயி மோப்பம் புடிச்சு ஓடும். ஓடுற அவசரத்துல சாணியும் போட்டுரும்."

எனக்கு அழுகை நின்றுவிட்டது. "அடிப்பாவி! அவருக்குத் தெரியுமா?"

"அய்யாவா? தன் ராசின்னு நெனைச்சுக்கிட்டு இருக்காரு."

தினம் ஒரு வாளி கழனித் தண்ணீரும் புண்ணாக்கும் மாட்டுக்குத் தருவதாகச் சொன்னேன். பேச்சு முடிந்தது. அவரோடு பதினாறு வருஷம் குடித்தனம் செய்து நான் கற்றுக்கொண்ட ஒரே வியாபாரம் அது.

வெள்ளிக்கிழமை தெருவே கூடிவிட்டது. பழனியப்பன் குடும்பத்தோடு காரில் வந்து இறங்கினார். இவர் மாட்டுக்கு மாலை போட்டு, கயிற்றைத் தாமே பிடித்துக்கொண்டு, "லெட்சுமி, உள்ள வாம்மா" என்றார். மாடு வாசற்படியை முகர்ந்தது. தலையைத் திருப்பியது. தெருவைப் பார்த்து, "ம்ம்மா!" என்று ஒரு கத்து. அடுத்த நொடி எதிர்ச்சாரியை நோக்கி ஓட்டம். கயிற்றை விடாமல் பின்னாலேயே எங்கள் வீட்டுக்காரர். ஒரு ஷூ தெரு நடுவில் கிடந்தது.

எதிரே சின்னையாவின் முடிவெட்டும் கடை. கன்று அதன் பின்பக்க வேலியில் இருந்தது, நான்தான் இருட்டோடு போய்க் கட்டினேன். மாடு கடைக்குள் புகுந்தது. பாதி முகம் சவரமான ஒருவர் நாற்காலியோடு சாய்ந்தார். பெரிய கண்ணாடிக்கு நேர் கீழே, காலண்டரில் இவர் சிரித்துக்கொண்டிருக்க, லெட்சுமி தன் கடமையை முடித்தாள்.

"மொதல்ல மாட்ட வெளிய ஓட்டுங்கண்ணே!" என்று சின்னையா சவரக் கத்தியை ஆட்டினான்.

எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். ஆனால் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்ததும் பாவமாகப் போய்விட்டது. ரத்தமே இல்லை. கும்பல் கிசுகிசுத்தது. பழனியப்பன் மெல்லக் கடைக்குள் வந்து, சாணியைப் பார்த்தார், எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"மாடு காட்டுன எடந்தான் எனக்கு வேணும்" என்றார்.

என் வீட்டுக்காரர் ஒரு மூச்சு இழுத்தார். ஒற்றை ஷூக் காலால் சின்னையாவின் தரையை இரண்டு தட்டுத் தட்டினார். "நானும் இதப் பத்திதான் உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன்" என்றார். இந்த மனுஷனை என்ன செய்வது, சொல்லுங்கள்! நாலே நாளில் அந்தக் கடையும் மனையும் கைமாறின. பதிலுக்குச் சின்னையாவுக்குத் தெருமூலையில் ஒரு கடையும் இரண்டு கண்ணாடியும் கிடைத்தன.

எங்கள் வீடுதான் கெட்ட பேர் வாங்கிக்கொண்டது. மாடு நுழையாத வீடு என்றால் யார் வாங்குவார்கள்? பாதி விலைக்குக்கூட ஆள் வரவில்லை. மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. "நாமளே இருந்து தொலைக்க வேண்டியதுதான்" என்றார். நானும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "நம்ம தலையெழுத்து" என்றேன். பிறகு சமையல்கட்டுக்குப் போய்ச் சத்தம் வராமல் சிரித்தேன்.

மரம் காய்த்தது. முதல் சாம்பார் வைத்த அன்று அவர் ஒரு துண்டை மென்றுகொண்டே, "இது நம்ம காயா?" என்று கேட்டார். "நம்ம காய்தான்" என்றேன். மென்றுகொண்டே இருந்தார். நான் தண்ணீர் எடுக்கப் போவதுபோல எழுந்துவிட்டேன்.

மூன்று வருஷம் ஓடியது. பேச்சுப்படி மாட்டுக்குத் தினமும் பின்கதவில் வாளி வைப்பேன். போன ஆவணியில் ஒருநாள் காலை நான் வாளி வைக்கக் கொஞ்சம் பிந்திவிட்டது. லெட்சுமிக்குப் பொறுக்கவில்லை. திறந்திருந்த பின்கதவு வழியாகத் தானாகவே நுழைந்து, சமையல்கட்டைத் தாண்டி, கூடத்து நடுவில் போய் நின்று, தாராளமாகப் போட்டது.

அந்த நேரம் பார்த்து முன்வாசலில் கார் சத்தம். பந்திங் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெரிய கிராணி ஒருவரை, வேறொரு வீடு காட்டப் போகிற வழியில் இங்கே அழைத்து வந்திருந்தார் இவர். கிராணி படியில் உட்கார்ந்து ஷூ கழற்றுகிறார், இவர் மட்டும் உள்ளே வந்துவிட்டார்.

மாட்டைப் பார்த்தார். சாணியைப் பார்த்தார். அவர் முகத்தில் அந்த வெளிச்சம் வந்தது. கங்காணி சன்னலைப் புகழ்ந்த அன்று பார்த்த அதே வெளிச்சம். நான் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் கல்லாகிவிட்டேன். போச்சு, மரமும் போச்சு, வீடும் போச்சு!

அவர் சன்னல் வழியாகக் கொல்லையைப் பார்த்தார். மரத்தில் சடைசடையாகக் காய். வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். கோட்டுக் கையை முழங்கை வரை மடித்தார். காலண்டரில் சிரிக்கும் அந்தப் பெரிய மனுஷர் குனிந்து, இரண்டு கையாலும் சாணியை வாரி சன்னலுக்கு வெளியே எறிந்தார். தோளில் இருந்த பட்டு அங்கவஸ்திரத்தால் தரையைத் துடைத்து, அதையும் எறிந்தார். மாட்டின் பின்புறத்தில் ஒரு தட்டு. "போ லெட்சுமி, போ, யாருகிட்டயும் சொல்லாதே."

கிராணி உள்ளே வந்து மூக்கைச் சுளித்தார். "சாணி வாடை அடிக்குதுங்களே?"

"பக்கத்து வீடுங்க" என்றார் இவர், கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு.

"வீடு லட்சணமா இருக்கு. இதையே குடுங்களேன்."

"ஐயோ, இது வேண்டாங்க. மாடு நுழையாத வீடு. உங்களுக்கு நல்லதாக் காட்டுறேன், வாங்க."

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் இலையைப் பார்த்து, "என்ன சீதா, எனக்கு மட்டும் இத்தனை காய்?" என்றார்.

"நம்ம மரம்தானே, சாப்பிடுங்க" என்று இன்னும் இரண்டு துண்டு போட்டேன்.