மாரியம்மனுக்கு ஐம்பத்தொரு வெள்ளி

மாரியம்மனுக்கு நான் ஐம்பத்தொரு வெள்ளி கடன்பட்டிருந்தேன். திருவிழாவுக்குள் என் மகள் பிரேமாவதி தமிழ்ப் புத்தகம் வாசித்துவிட்டால் உண்டியலில் போடுவதாக வேண்டி, அந்தப் பணத்தை மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தேன். எண்பத்து நான்காம் வருஷம் அது. மலேசியாவில், பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நானும் என் வீட்டுக்காரர் குழந்தைவேலுவும் பால்மரம் வெட்டிப் பால் எடுத்துக்கொண்டிருந்தோம்.

நான் எழுத்துக் கற்றதே முப்பது வயதுக்கு மேல், கோயில் கொட்டகையில் நடந்த முதியோர் வகுப்பில்தான். எனக்கே வந்தது, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வராதா? ஆனால் நேற்றுப் படித்த எழுத்தை இன்று புதிதாகப் பார்ப்பாள்.

ஆஸ்பத்திரியில் கண்ணைச் சோதித்தார்கள். குறை இல்லை. அங்கிருந்த தமிழ் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார்.

"எழுத்தப் பாத்ததும் அதோட சத்தத்த எடுத்துக் குடுக்கறது மூளைம்மா. நமக்குச் சட்டுனு நடக்குது. இவளுக்கு அந்த வேலை வேற மாதிரி நடக்குது. புத்தியில குறை இல்ல. ஒவ்வொரு சத்தமா, திரும்பத் திரும்பச் சொல்லிக் குடுக்கணும்."

வீட்டுக்காரர் மனதில் மூளை என்பது மட்டும்தான் தங்கியது.

"மூளையே சரியில்லன்னா என்னாத்துக்கு ஸ்கூலு? திருவிழாவுக்குள்ள படிக்கலன்னா எங்கூட மரத்துல உறைஞ்சு கெடக்கற கட்டிப்பால் பொறுக்க வரட்டும் லா."

திருவிழா அன்று பிரேமாவதி சாமி முன்னால் புத்தகத்தை விரித்து நின்றாள். பசுவைப் பற்றிய பாடம். ஓர் இடத்திலும் திக்கவில்லை.

"அப்பன் கைநாட்டு, மக லாயர் கணக்கா படிக்குது பாரு," என்றார் பூசாரி மணியம். எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். விரித்திருந்த பக்கத்தில் படம் இல்லை. எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். மழையைப் பற்றிய பாடம் அது.

"எப்படிடி?" என்று காதோடு கேட்டேன்.

"பக்கத்து வீட்டு ஜேன் படிக்கறதக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆயிடுச்சு... அப்பாகிட்ட சொல்லிடாதம்மா. ஸ்கூல நிறுத்திடுவாரு."

சொல்லாவிட்டால், படிக்கத் தெரியும் என்று எல்லாரும் நம்புகிற பிள்ளைக்கு எந்த வாத்தியார் தனியாக உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார்?

"என்னா நிக்கற? கடனக் கட்டு," என்றார் வீட்டுக்காரர்.

இனி அவளோடு உட்காரவேண்டியது நான்தான். அதுவும் தட்டுத்தடுமாறிப் படிக்கிற நான். அம்மன் முகத்தைப் பார்க்காமல் முடிச்சை அவிழ்த்து, ஐம்பத்தொரு வெள்ளியையும் உண்டியலில் போட்டேன். வெறும் துணியை உதறி இடுப்பில் செருகிக்கொண்டேன்.