மதியத்தில் நின்ற மோட்டார்

நெட்டையின் படகு மோட்டார் ஒரு மதிய வேளையில் கடலில் நின்றுபோனது. அந்த மதியம் முடிய இருபத்தேழு வருஷம் பிடித்தது. படகு எங்கேயும் காணாமல் போகவில்லை. மீன் ஏலக் கொட்டகையின் மாடியில் ஏறினால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் நின்றது. முதல் வாரத்திலேயே கட்டி இழுத்துவர நாலைந்து படகுகள் போயின. எவ்வளவு ஓட்டினாலும் அந்தப் படகு அதே தூரத்தில் முன்னால் தெரிந்ததே தவிர, கிட்ட வரவில்லை. ரோந்துக் கப்பல் ஒரு பகல் முழுக்க அதை நோக்கி ஓடிவிட்டு, டீசல் தீரப்போகிறது என்று திரும்பியது. துடுப்பு போட்டுப் பார்த்தார்கள், நீந்திப் பார்த்தார்கள். பிறகு அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போனார்கள். இருட்டிய பின்னும் அந்தப் படகின் மேல் மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு மதிய வெயில் அடித்துக்கொண்டிருந்ததால், இரவுத் தொழிலுக்குப் போகிறவர்கள் அதை அடையாளமாக வைத்துக் கரைக்குத் திசை பிடித்தார்கள். அந்த வகையில் உபயோகமாகத்தான் இருந்தது.

நெட்டையின் மனைவிதான் அந்தத் துறைமுகத்தின் மோட்டார் மெக்கானிக். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்கு அதுதான் தொழில். கழற்றாமலே, காதை வைத்துக் கேட்டே கோளாறு சொல்லுவாள் என்று பெயர். ஐஸ் பேக்டரிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை. சுவரில் ஆணியடித்துத் தொங்கும் புரொப்பல்லர்கள். மோட்டாரை ஓட்டிப் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய ஒரு பீப்பாய். மூலையில் ஒரு வயர்லெஸ். அன்றைக்கு அந்த வயர்லெஸ்ஸில்தான் நெட்டை கூப்பிட்டான். மோட்டார் நின்னுபோச்சு, இழுத்து இழுத்துப் பார்க்கிறேன், பிடிக்க மாட்டேங்குது என்றான். அவள் கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே எந்த மெக்கானிக்கும் கேட்கிற முதல் கேள்வியைக் கேட்டாள். “பட்டுனு நின்னுச்சா, இருமி இருமி நின்னுச்சா?”

பட்டென்று நின்றால் கரண்ட் கோளாறு. இருமி நின்றால் பெட்ரோல் வரவில்லை. ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். அந்த ஒரு வார்த்தை மழைக்காலம் முடிந்த பிறகு வந்தது. அதற்குள் அவள் அழுது, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, போய்ச் சேர்ந்துவிட்டான் என்று சொன்ன உறவுக்காரர்களைச் சண்டை போட்டு வெளியே அனுப்பியிருந்தாள். ஒரு காலையில் பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல அவன் குரல் கேட்டது. இருமி இருமித்தான் நின்னுச்சு, அடுத்து என்ன பார்க்கணும் என்றான். பசிக்கிறது என்று சொல்லவில்லை, தாகம் என்று சொல்லவில்லை. கொண்டுபோன சோறு இன்னும் சூடாக இருக்கிறது, மோட்டார் ஓடட்டும், அப்புறம் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றான். அப்போதுதான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. அங்கே ஒரு மூச்சு விடுகிற நேரம், இங்கே ஒரு பருவம்.

தெரிந்தவுடன் அவள் செய்த முதல் காரியம் அதை அவனிடமிருந்து மறைத்தது. பதறுகிறவன் கையில் ஸ்பானர் நிற்காது; கழற்றின நட்டைக் கடலில் போட்டுவிடுவான், அத்தோடு தீர்ந்தது கதை. ஆகவே சாதாரணமாகப் பேசினாள். டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். திறந்துதான் இருக்கிறது என்று பதில் வந்தபோது, ஒன்றாம் வகுப்பில் இருந்த மகள் இரண்டாம் வகுப்புக்குப் போயிருந்தாள். குழாயின் நடுவில் கையால் அமுக்கிப் பெட்ரோல் ஏற்றுகிற ரப்பர் பல்பை அமுக்கிப் பார்க்கச் சொன்னாள். கல்லு மாதிரி இறுகிடுச்சு என்றான். அப்படியானால் அடைப்பு பல்புக்கு இந்தப் பக்கம், மோட்டார் பக்கம்தான். பில்டரைக் கழற்றிப் பார்க்கச் சொன்னாள். அது ஒரு வருஷத்துக்கு மேல் தின்றது. பில்டர் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது.

ஒவ்வொரு கேள்விக்கும் விலை இருந்தது, அதைக் கொடுக்கிறவள் அவள். ஆகவே வாய்க்கு வந்ததைக் கேட்க முடியாது. அதே கம்பெனி மோட்டார் ஒன்றைப் பட்டறையில் மாட்டி வைத்து, அவன் சொன்ன கோளாறுகளை அதில் வேண்டுமென்றே உண்டாக்கி, சத்தத்தைக் கேட்டு, யோசித்து யோசித்துத்தான் அடுத்ததைச் சொன்னாள். ஊர் வாய் சும்மா இருக்குமா? ஊர் மோட்டாரையெல்லாம் ஓட வைக்கிறவளுக்கு வீட்டு மோட்டார் மக்கர் பண்ணுது என்றார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதில் எந்த நிமிஷமும் வரலாம் என்பதால் வயர்லெஸ்ஸை விட்டு நகரவும் இல்லை. பட்டறையிலேயே சமைத்தாள், பட்டறையிலேயே படுத்தாள். மகள் பெரிய பரீட்சையில் பாஸான அன்றும், காய்ச்சலில் கிடந்த வாரமும், மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்த நாளும், அவள் அந்தத் தகரக் கூரையின் கீழ்தான் இருந்தாள். அவளுக்கு அது உறுத்தியது. ஆனாலும் போகவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் மகள் பட்டறை வாசலில் வந்து நின்று, கோபமில்லாமல், பல நாளாக மனதில் வைத்திருந்ததைச் சொன்னாள்.

“அப்பா அங்க நின்னுட்டாரு, சரி. நீ எதுக்கும்மா இங்க நின்னுட்ட?”

மெக்கானிக் மறுநாள் கையைக் கழுவிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனாள். தாலி ஏறியதும் திரும்பி வந்துவிட்டாள். மருமகன் ஐஸ் பேக்டரியில் போர்மேன், அமைதியான ஆள்.

நெட்டை பேசும்போதெல்லாம் கடைசியில் பாப்பாவைக் கேட்பான். ஆரம்பத்தில் மகளே பேசினாள். அவள் குரல் முதிரத் தொடங்கியதும், பாப்பா தூங்குகிறாள் என்று மெக்கானிக் சொல்லத் தொடங்கினாள். என்னடி, எப்பக் கேட்டாலும் தூங்கறா என்று அவன் சிரித்தான். உன் குரல் கூட ஏதோ கரகரன்னு வருது என்றான். வயர்லெஸ் கோளாறு என்றாள். கார்புரேட்டரைக் கழற்றி, ஊசி நுழையாத ஓட்டையை மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்யச் சொன்னது மகள் கல்யாணத்துக்குப் பிறகுதான். நாலு வருஷத்துக்கும் மேல் ஆயிற்று. மாடியிலிருந்து பார்த்தால் அவன் மோட்டாரின் மேல் குனிந்தபடி இருந்தான். நெற்றி வியர்வையைத் துடைக்கத் தூக்கிய கை திரும்பக் கீழே இறங்குவதற்குள் பேத்தி பிறந்து நடக்கப் பழகிவிட்டாள்.

கார்புரேட்டரில் ஒன்றுமில்லை, மாட்டிவிட்டேன், அப்படியேதான் இருக்கு, பாப்பா இப்பவாவது முழிச்சிருக்காளா என்று அவன் கேட்ட அன்று, பேத்தி பட்டறையில் விளையாடிக்கொண்டிருந்தாள். மகள் அந்த வயதில் பேசியது போலவே அவளுக்கும் குரல். மெக்கானிக் அவளைத் தூக்கி மடியில் வைத்து, அப்பா, சீக்கிரம் வாங்கன்னு சொல்லு கண்ணு என்று காதில் சொல்லி, மைக்கை நீட்டினாள். குழந்தைக்குப் பட்டறைச் சுவரில் தொங்கிய நெட்டையின் படத்தில் இருப்பவர் யார் என்று நன்றாகத் தெரியும்.

“தாத்தா, சீக்கிரம் வாங்க” என்றாள்.

அதன் பிறகு வயர்லெஸ் ஒரு வருஷம் பேசவில்லை. மெக்கானிக் குழந்தையை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஏலக் கொட்டகை மாடிக்கு அவள் அடிக்கடி ஏறியது அந்த வருஷத்தில்தான். அவன் மோட்டாரை விட்டுவிட்டுக் கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கடைசியில் குரல் வந்தது. எத்தனை வருஷம் என்று மட்டும் கேட்டான். அவள் மறைக்கவில்லை, சொன்னாள். மகளின் கல்யாணத்தையும் சொன்னாள். அடுத்த மழைக்காலத்தில் பதில் வந்தது.

“நான் சும்மா உக்காந்திருந்தாலும் நாள் ஓடுமா?”

“ஓடும்.”

அதற்கடுத்த கோடையில், “அப்ப வேலையைப் பார்ப்போம்” என்றான்.

கோளாறு தெரிந்தது வேறொரு படகில். தெற்கே போய்த் திரும்பிய ஒருவன் தன் மோட்டாரைக் கொண்டுவந்து போட்டான். அதே இருமல், பல்ப் அதே இறுக்கம், பில்டரும் கார்புரேட்டரும் அதே சுத்தம். மிச்சம் இருந்தது பெட்ரோல் குழாய் ஒன்றுதான். வெளியே பளபளவென்று புதுசு மாதிரி இருந்த அந்தக் குழாயை அவள் நீளவாக்கில் கத்தியால் கீறிப் பிளந்தாள். உள்தோல் ஒரு இடத்தில் வெங்காயச் சருகு போல உரிந்து நின்றது. மோட்டார் பெட்ரோலை இழுத்தால் அந்தச் சருகு போய் வழியை மூடிக்கொள்ளும். இழுப்பது நின்றால் விலகிவிடும். கண்ணால் பார்த்தால் தெரியாது, ஊதினாலும் தெரியாது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். படகுக்காரன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். குடித்துவிட்டு அவள் கேட்டது, இந்தக் குழாயை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்பதுதான்.

எந்த இடத்தில் உரியும் என்று அவளுக்கு இப்போது தெரியும்: மோட்டாரில் மாட்டுகிற முனையில், குழாய் வளைகிற இடத்தில். இருந்தாலும் உடனே பேசவில்லை. சொல்வதை ஒரே மூச்சில், சந்தேகம் கேட்க இடமில்லாமல் சொல்ல வேண்டும். அவன் ‘எந்தப் பக்கம்?’ என்று திருப்பிக் கேட்டால் அதற்கு ஒரு பருவம் போகும். பீப்பாயின் முன்னால் நின்று தனக்குத்தானே பல தடவை சொல்லிப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாகக் கழித்தாள். பிறகு மைக்கை எடுத்தாள்.

“வலைக்கத்தி எடுங்க. மோட்டார்ல மாட்டுற முனையில குழாயை ஒரு சாண் அறுத்துத் தூரப் போடுங்க. டேங்க்கை மோட்டார்கிட்ட தள்ளிட்டு, மிச்சக் குழாயை மோட்டார்ல மாட்டி, கம்பியால இறுக்கிக் கட்டுங்க. பல்பை அமுக்கிட்டு இழுங்க. ஓடும்.”

அதற்கு நாலு வருஷம் ஆனது. அவள் தலை முழுக்க வெளுத்தது அந்த நாலு வருஷத்தில்தான். ஒரு வைகறையில் படகின் பின்னால் வெள்ளைப் புகை கிளம்பியது. அது கலையாமல் ஒரு மாசம் நின்றது. பிறகு படகு நகர்ந்தது. முதலில் நத்தை மாதிரி, நாள் ஆக ஆக வேகமாக. கரையை நெருங்க நெருங்க அவன் காலமும் இவர்கள் காலமும் ஒன்றாகிவந்தன. துறைமுக வாயைத் தாண்டும்போது அது மற்றப் படகுகளைப் போலத்தான் வந்தது. படகின் மேலிருந்த மதிய வெயில் சுவரோரம் வந்ததும் சாயங்கால வெயிலாகி, மற்ற வெயிலோடு கலந்துவிட்டது.

நெட்டை கயிற்றை எறிந்துவிட்டுக் குதித்து ஏறினான். காலையில் போட்ட சட்டை கசங்கக்கூட இல்லை. எத்தனை வருஷம் என்று அவனுக்குத் தெரியும். மனசுக்குச் சொல்லித்தான் வைத்திருந்தான். ஆனால் காலுக்கு யார் சொல்வது? முகமெல்லாம் சிரிப்பாக, நேரே மகளிடம் போனான். மகள் அம்மாவின் அச்சு. அவள் தோளைத் தொடக் கையை நீட்டியவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். மெக்கானிக் அதைப் பார்த்தாள். பார்க்காதது போலக் குனிந்து, மோட்டாரின் மூடியைத் திறந்து குழாய்க் கட்டைத் தடவிப் பார்த்தாள். நல்லா இறுக்கிக் கட்டியிருக்கீங்க என்றாள். அவன் வந்து பக்கத்தில் குந்தினான். கிரீஸ் படிந்த, சுருக்கம் விழுந்த அவள் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டான்.

ஊர் சீக்கிரம் பழகிக்கொண்டது. மாமனாரைவிட மருமகனுக்கு நரை அதிகம் என்று கொஞ்ச நாள் கேலி பேசி ஓய்ந்தார்கள். மகளுக்குத் தன் வயதுக்காரனை அப்பா என்று கூப்பிடச் சில மாதங்கள் பிடித்தன. ஒருநாள் வாய் தவறி வந்தது, பிறகு நிலைத்துவிட்டது. பட்டறையை அடைத்துவிட்டு இருவரும் தங்கள் வீட்டுக்கே திரும்பினார்கள். மெக்கானிக் அவனோடு தெருவில் நடக்கும்போது ஓரடி பின்னால் வந்தாள். சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி உள்ளே வைத்தாள். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, யாரையாவது பார்த்துக் கட்டிக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தம் இல்லை, நானே பார்க்கிறேன் என்றாள். அவன் பிசைந்த கையை அப்படியே வைத்துவிட்டு அவளைப் பார்த்தான்.

“காலையிலதானே உங்கிட்ட சொல்லிட்டுக் கிளம்பினேன். சாயங்காலத்துக்குள்ள எனக்கு எப்படி இன்னொருத்தி?”

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஓரடி பின்னால் நடப்பதையும் விட்டுவிட்டாள்.

சில வருஷம் அப்படிப் போயிற்று. பிறகு அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. பெட்ரோல் ஆவியிலேயே காலத்தைக் கழித்த நுரையீரல் என்றார் டாக்டர். நெட்டை கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டு அவள் கட்டிலருகிலேயே இருந்தான். இரவில் மூச்சு தடுமாறினால் எழுப்பி உட்கார வைத்து முதுகைத் தடவிக்கொடுப்பான். அவள் ஒரு பிற்பகலில், அவன் தோளில் சாய்ந்திருக்கும்போதே போனாள். எடுத்துப் போகும் வரை அவன் அவளை விட்டு நகரவில்லை. துறைமுகத்துக்கு மீன் எடுக்க வந்திருந்த வெளியூர் வியாபாரி ஒருவன் வாசலில் கூட்டத்தோடு நின்று அவன் அழுததைப் பார்த்தான். அம்மா மேல் இவ்வளவு உயிரை வைத்திருக்கிற பிள்ளையை நான் கண்டதில்லை என்று பக்கத்தில் நின்றவரிடம் மெதுவாகச் சொன்னான். அவர் ஆமாம் என்று தலையசைத்தார். யாரும் அதைத் திருத்தவில்லை.